பார்த்துக்கொண்டிருந்தவள்

ராஜரத்தினம் தன்னுடைய தேத்தண்ணிக் கோப்பையைத் தானே கழுவிக்கொண்டிருந்தார். சவர்க்காரம் போட்டுத் தேய்த்து அலசி, மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்து, மறுபடியும் அலசினார். கல்யாணம் கட்டி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவர் ஒரு கரண்டியைக்கூடக் கழுவித் தவமணி கண்டதில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பிறகுதான் இந்த வேலை. கோப்பை அவர் கையால், தண்ணீர் அவர் கையால், தேயிலை அவர் கையால். அவள் ஆக்கிய சோற்றை மட்டும் சாப்பிட்டார். அதுவும் அதே சட்டியிலிருந்து அவள் தனக்குப் போட்டுக்கொண்டு முதல் வாய் வைத்த பிறகு.

தவமணி பக்கத்தில் நின்று இடியப்ப மா சலித்துக்கொண்டிருந்தாள். அரிதட்டு ஆடுகிற சத்தத்தை விட்டால் குசினியில் வேறு சத்தமில்லை.

"அங்கிட்டு வைங்க. நான் கழுவுறேன்" என்றாள்.

"பரவாயில்ல."

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ராஜரத்தினம் திட்டத் தெரியாத மனிதரல்ல. சோற்றில் ஒரு கல் கடிபட்டால் பக்கத்து வீடு கேட்கக் கத்துவார். அவர் கத்தினால் அவளும் கத்துவாள். கத்திக்கொண்டே இருக்கும்போது இரண்டு பேரில் யாராவது ஒருவர் ஏதாவது சொல்லப்போய் மற்றவர் சிரித்துவிட, சண்டை பாதியில் படுத்துவிடும். இந்தப் 'பரவாயில்ல'வோடு எப்படிச் சண்டை பிடிப்பது? கடைக்கு வந்து ஆணி கேட்கிற முன்பின் தெரியாத ஆளிடம் பேசுகிற பேச்சு அது.

கோப்பையை விட அவளை அறுத்தது ஊசி. சீனி வியாதி முற்றி இன்சுலின் ஊசிக்கு வந்த நாளிலிருந்து அவருக்குக் காலை ஊசியைப் போடுவது தவமணிதான். ஊசியைக் கண்டால் அவருக்குப் பயம். சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி, கண்ணை இறுக்கி மூடிக்கொள்வார். "முடிஞ்சுதா?" என்று மூன்று தடவை கேட்பார். போட்டு முடிந்த பிறகும் வேண்டுமென்றே பேசாமல் நின்று அவரைத் தவிக்கவிடுவது அவளுக்கு ஒரு விளையாட்டு. இப்போது அவர் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தானே போட்டுக்கொள்கிறார். வெளியே வரும்போது உதடு வெளுத்திருக்கும். ஒருநாள் கட்டியிருந்த சாரத்தின் இடுப்பில் ஒரு பொட்டு இரத்தம் இருந்தது. அதைத் துவைக்க அவள் கேட்டாள். அதற்கும் பரவாயில்லைதான்.

அவர் என்ன நினைக்கிறார் என்று அவளுக்குத் தெரியும். அந்த வெள்ளிக்கிழமை தன்னைச் சாகவிட்டு அவள் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறார். அப்படி நினைப்பதற்கு அவர் பக்கத்தில் நியாயமும் இருந்தது.

தவமணி கலஹாப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவள். பிலிமத்தலாவை ஹார்ட்வெயார் கடையில் சேல்ஸ்மேனாக இருந்த ராஜரத்தினத்துக்குக் கட்டிக்கொடுத்தார்கள். மெயின் ரோட்டுக்குப் பின்னால், பித்தளைக் குத்துவிளக்குக் கடைகளுக்கு மேலே ஏறும் சந்தில், இரண்டு அறையும் ஒரு ஹோலும் ஒரு குசினியுமாக வீடு. ஒரே மகள் சிந்துஜா. அவள் படிக்கத் தொடங்கிய காலத்தில் தவமணி இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கத் தொடங்கினாள். மகள் படித்து முடித்துக் கொழும்பில் வேலைக்கும் போய்விட்டாள். இடியப்பம் நிற்கவில்லை. பிலிமத்தலாவையில் மூன்று தேத்தண்ணிக் கடைகளின் காலைச் சாப்பாடு அவள் கையில்தான் இருக்கிறது.

சேவல் கூவும் முன் எழும்பிப் பிழிந்து, அவித்து, கூடையில் அடுக்கி, முதல் பஸ்காரர்கள் கடைக்கு வரும் முன் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவாள். திரும்பி வந்து அவருக்கு ஊசி போட்டு, அவருடைய இடியப்பத்தை மேசையில் மூடி வைத்துவிட்டு, மறுபடியும் போய்ப் படுப்பாள். ஜன்னலில் வெயில் ஏறும்வரை ஒரு தூக்கம். அந்த இரண்டாம் தூக்கம் இல்லாவிட்டால் அவளுக்கு அன்றைய நாள் இல்லை.

அந்தத் தூக்கத்தில்தான் அமுக்கான் வருவான்.

முதலில் வந்தது லயத்தில், அவள் பெரிய மனுஷியான வருஷம். விழித்துவிட்டாள், ஆனால் எழும்ப முடியவில்லை. கண் பார்க்கிறது, காது கேட்கிறது, கையும் காலும் அவளுடையவை அல்ல. நெஞ்சில் ஏதோ ஏறி உட்கார்ந்திருக்கிறது. கத்தினால் கத்தல் தொண்டைக்குக் கீழேயே நின்றுவிடுகிறது. விட்ட பிறகு அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னாள். அம்மா அவள் வாயைப் பொத்தினாள். "பொண்ணு பாக்க வர்றவங்க காதுல இது விழுந்துச்சுன்னா ஒன்னைய ஒருத்தனும் கட்ட மாட்டான். பேய் புடிச்சவன்னு பேராயிரும்." அதோடு ஒரு பாக்குவெட்டியைக் கொண்டுவந்து தலையணைக்குக் கீழே வைத்தாள். இரும்பு இருந்தால் அது கிட்ட வராதாம்.

இரும்பு இருந்தும் வந்தது. ஆனால் தவமணி அதோடு பழகிக்கொண்டாள். முட்டி மோதினால் பாரம் கூடும். எதிர்க்காமல் பார்த்துக்கொண்டே கிடந்தால் அதுவாகவே அலுத்துப்போய் இறங்கிவிடும். கல்யாணத்துக்குப் பிறகும் வந்துகொண்டுதான் இருந்தது. புருஷன் கடைக்குப் போன பிறகு படுக்கிற தூக்கத்தில் வருவதால் அவருக்குத் தெரியாது. சொல்ல நினைத்ததும் உண்டு. முதல் வருஷம் சொல்லாததை மூன்றாம் வருஷம் எப்படிச் சொல்வது? அப்படியே போய்விட்டது.

அந்தக் கிழமைச் சண்டை ஒன்றுமில்லாத சண்டை. ராஜரத்தினம் வேலையை விட்டு வீட்டோடு இருக்கத் தொடங்கி ஒரு வருஷம் ஆகியிருந்தது. புதன்கிழமை பக்கத்து வீட்டு பஹீம், த்ரீவீல் ஓட்டுகிற பையன், அவன் உம்மாவுக்கு இடியப்பம் வாங்க வந்து நின்றான். தேங்காய்ச் சம்பலுக்கு உப்புக் கூடிவிட்டதென்று அவன் முன்னாலேயே ராஜரத்தினம் குறை சொன்னார்.

"கதிரையில ஒக்காரதுக்குன்னே ஒரு ஆளு வச்சிருக்கேன் தம்பி" என்றாள் தவமணி. "மூணு வேளையும் திங்கிறது, நாலாவது வேளைக்கு நொட்டை சொல்றது. இந்த ஆளு இல்லாட்டி நான் காலாட்டிக்கிட்டுத் தூங்குவேன்."

பஹீம் சிரித்துவிட்டான். அவள் சொன்னதை ராஜரத்தினம் மன்னித்திருப்பார். அவன் சிரித்ததை அவரால் மன்னிக்க முடியவில்லை. அன்றிலிருந்து வாயைத் திறக்கவில்லை, குசினிப் பக்கமும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை, ஆடி முதல் வெள்ளி. ஆடி வெள்ளிகளில் கோயிலுக்குப் போய் வரும்வரை அவர் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். விரதம் என்று வாயால் சொல்வது அவர் வழக்கமில்லை. முதல்நாள் மாலையே அர்ச்சனைத் தட்டை எடுத்துத் துடைத்து அடுப்படியில் வைப்பார். அதைப் பார்த்தால் தவமணி மறுநாள் ஊசி மருந்தைக் குறைத்துப் போடுவாள். கிளினிக் நர்ஸ் மிஸ் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தாள். இந்தத் தடவை கோபத்தில் குசினிக்குள் வராத மனிதர் தட்டைக் கொண்டுபோய் ஹோலில் டீவிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். தவமணி இடியப்பக் கூடையோடு பின்வாசலால் போய்ப் பின்வாசலால் வந்து, குசினியிலிருந்து நேரே அறைக்குப் போய்விடுகிறவள். ஹோலில் இருந்த தட்டை அவள் காணவில்லை. இனிமேல் விரதம் இருக்கக் கூடாதென்று போன கிளினிக்கில் டொக்டர் கண்டித்திருந்தார், அதனால் விட்டுவிட்டார் என்று நினைத்துக்கொண்டாள். வழக்கமான அளவை எடுத்தாள். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். "முடிஞ்சுதா" என்று கேட்கவில்லை. போட்டாள். "சாப்பிடுங்க" என்றாள். போய்ப் படுத்தாள்.

விழித்தாள். ஜன்னலில் கட்டியிருந்த பழைய சேலைத் துணி வழியாக வெயில் மஞ்சளாக இறங்கியிருந்தது. தகரத்தின் மேல் காகம் நடக்கிற சத்தம், கீழே ரோட்டில் கண்டி பஸ்ஸின் ஹோர்ன், கையிலிருந்து இன்னும் போகாத அவித்த மாவின் வாசம். எல்லாம் இருந்தன. உடம்பு மட்டும் இல்லை. நனைந்த கொழுந்துச் சாக்கை நெஞ்சில் இறக்கிவைத்தது போன்ற அந்தப் பாரம். வந்துட்டியா என்று மனதுக்குள் கேட்டாள்.

அப்போது அறை வாசலில் ஓர் உருவம் வந்து நின்றது. இந்த நேரத்தில் உருவங்கள் வந்து நிற்பதும் அவளுக்குப் புதிதல்ல. செத்துப்போன அப்பா வந்து நின்றிருக்கிறார். முகமே இல்லாத ஒருத்தி வந்து நின்றிருக்கிறாள். இன்றைக்கு அவள் புருஷன் வடிவத்தில் வந்திருந்தது. நெற்றி நிறைய விபூதி. சட்டையில்லாத உடம்பெல்லாம் வியர்வை. நிலையைப் பிடித்திருந்த கை வெடவெடவென்று ஆடியது. "சீனி" என்றது. "சீனி... குடு." பேய் விபூதி பூசிக்கொண்டும் வருமா என்று ஒரு மூலையில் அவளுக்கு வியப்பாகக்கூட இருந்தது. பழகியபடி, எதிர்க்காமல், அதையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். போகட்டும் என்று காத்திருந்தாள்.

அந்த உருவம் தடுமாறியது. சுவரோடு சாய்த்து வைத்திருந்த இடியப்பத் தட்டுகள் கால் பட்டுச் சரிந்து உருண்டன. அமுக்கான் ஒருநாளும் எதையும் தட்டிவிட்டதில்லை.

அதற்குப் பிறகுதான் அவள் போராடினாள். கத்தினாள், காலை உதைத்தாள், எழும்பி ஓடிப்போய் அவரைத் தாங்கிப் பிடித்தாள். எல்லாம் உள்ளுக்குள்ளேயே நடந்தது. வெளியே ஒரு விரல்கூட அசையவில்லை. அவர் நிலையைப் பிடித்தபடியே சறுக்கித் தரையில் உட்கார்ந்தார். பிறகு பக்கவாட்டில் சாய்ந்தார். சாயும்வரை அவர் கண் அவள் கண்ணை விடவில்லை.

பாரம் இறங்கியதும் எப்படி எழும்பினாள், எப்படி அவர் கன்னத்துக்குள் சீனியைத் தேய்த்தாள், பஹீமை எப்படிக் கூப்பிட்டாள் என்று பிறகு யோசித்தாலும் அவளுக்கு ஞாபகம் வரவில்லை. பஹீமும் அவளுமாகத் தூக்கி த்ரீவீலில் போட்டது மட்டும் ஞாபகம் இருந்தது. "அண்ணனுக்கு ஒண்டுமில்ல அக்கா, புடிச்சுக்கங்க" என்று அவன் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு ஓட்டினான். ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் சேலைன் ஏற்றினார்கள். கொஞ்ச நேரத்தில் கண் திறந்தார். கண் திறந்ததும் அவளைப் பார்த்தார். பார்த்துவிட்டு, ஊசி போடும்போது திருப்புவாரே, அதே மாதிரி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

கலகெதரவிலிருந்து அவருடைய தங்கச்சி பாப்பம்மா வந்து சேர்ந்தாள். அண்ணன் மேல் உயிர். அண்ணன் பெண்டாட்டி மேல் பெரிய குறையும் இல்லை, பெரிய ஒட்டுதலும் இல்லை. வார்ட்டுக்குள் போய் அண்ணனோடு பேசிவிட்டு வந்தவள், வெளியே தண்ணீர்க் குழாயில் போத்தல் நிரப்பிக்கொண்டிருந்த தவமணியின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"மதினி, அண்ணன் ஒரு கத சொல்றாரு. சீனி கேட்டாராம். நீ படுத்துக்கிட்டே பாத்துக்கிட்டு இருந்தியாம்."

"என்னால எந்திரிக்க முடியல பாப்பம்மா."

"கண்ணு முழிச்சிருந்துச்சாமே?"

போத்தல் நிறைந்து வழிந்தது. அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தாள். பொத்திய அம்மாவின் கை இன்னும் அங்கேயே இருந்தது போலிருந்தது. "தூக்கக் கலக்கம்" என்றாள். பாப்பம்மா அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போத்தலை வாங்கிக்கொண்டு போனாள்.

தவமணிக்குப் பிறகு யோசிக்க யோசிக்க எல்லாம் ஒரு கோட்டில் வந்து நின்றன. இந்த ஆள் இல்லாட்டித் தூங்குவேன் என்று சொன்னவள். விரதத் தட்டு ஹோலில் நடுவாக இருக்க முழு ஊசியையும் போட்டவள். அவர் விழும்போது கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தவள். வேறு ஒருத்தியைப் பற்றி யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் அவளே நம்பியிருப்பாள்.

அடுத்த கிளினிக் நாளில் இருவரும் ஒன்றாகத்தான் போனார்கள். அவரைப் பார்த்து முடிந்து அவர் மருந்து வரிசைக்குப் போனதும் தவமணி டொக்டரின் மேசையை விட்டு நகராமல் நின்றாள். தெரிந்த சிங்களத்தில் தட்டுத் தடுமாறிச் சொன்னாள். வெளியில் ஓர் ஆளிடம் அவள் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. டொக்டர் சிரித்தார். கேலியாக இல்லை. தன் அம்மாவுக்கும் அது வருமென்றார். பேயும் இல்லை, பிசாசும் இல்லை. உடம்பு தூங்கிக்கொண்டிருக்க மனசு மட்டும் முந்தி எழும்பிவிடுகிறது. துண்டு துண்டாகத் தூங்குகிறவர்களுக்கும் மனக்கவலை உள்ளவர்களுக்கும் அதிகம் வரும். மல்லாந்து படுக்க வேண்டாம், ஒரேயடியாகத் தூங்கப் பாருங்கள் என்றார். ஒரே தூக்கமாகத் தூங்கினால் மூன்று கடைக்கும் யார் பிழிவது என்று அவள் கேட்கவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் பக்கத்தில் இடம் கிடைத்தது. டொக்டர் சொன்னதை எல்லாம் ஒன்று விடாமல் சொன்னாள். இவ்வளவு நாளும் அடைத்துக் கிடந்தது திறந்துவிட்டதில் அவள் குரல் கொஞ்சம் கூடிவிட்டது. முன் சீட்டுக்காரி திரும்பிப் பார்த்தாள். ராஜரத்தினம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே கேட்டார்.

"நீ சொன்னதத்தானே டொக்டர் திருப்பிச் சொல்றாரு" என்றார் கடைசியில்.

அதோடு இறங்கும் இடம் வந்துவிட்டது.

சனிக்கிழமை பாப்பம்மா வந்தாள். அண்ணன் இளைத்துப்போனதைப் பார்த்து அழுதாள், அவர் தானே கோப்பை கழுவுவதைப் பார்த்து இன்னும் அழுதாள். சும்மா இருக்க முடியாதவள். வந்ததும் வராததுமாகப் படுக்கை விரிப்புகளைத் துவைக்கிறேன் என்று அறைக்குள் போனாள். கொஞ்ச நேரத்தில் கையில் பாக்குவெட்டியோடு வெளியே வந்தாள்.

"இது என்ன மதினி? வெத்தல பாக்கே போடாத பொம்பள மெத்தைக்குக் கீழ பாக்குவெட்டி வச்சிருக்க?"

தவமணி அதைக் கல்யாணப் பெட்டியின் அடியிலிருந்து எடுத்து மறுபடியும் வைத்தது ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த பிறகுதான். டொக்டர் பேயில்லை என்று சொல்லியும் அதை எடுத்துவிட அவளுக்குத் துணிவு வரவில்லை. பாப்பம்மாவும் தோட்டத்தில் பிறந்தவள். தலைமாட்டில் இரும்பு எதற்கென்று அவளுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. அவள் முகம் மாறியதைத் தவமணி பார்த்தாள்.

"அப்ப அண்ணன் சொன்னது உண்மதானா? அமுக்கான் அடிக்கிற ஆளா நீ?"

"ஆமா. சின்னதுலருந்தே."

"ஒங்கம்மாவுக்குத் தெரியுமா?"

தவமணி ஆமென்று தலையை ஆட்டினாள்.

"தெரிஞ்சுதான் எங்க தலையில கட்டுனீங்களா? பொண்ணு பாக்க வந்தன்னிக்கு ஒங்கம்மா என் கையப் புடிச்சுக்கிட்டு, எம்புள்ளைக்கு ஒரு தலைவலி காய்ச்சல்கூட வராதுன்னுச்சு. நல்லா ஞாபகம் இருக்கு. வடைகூட ஊசிப்போயிருந்துச்சு அன்னிக்கு."

இதைச் சொல்லாவிட்டால் கொலைகாரி, சொன்னால் ஏமாற்றுக்காரி. ஒரு கதவைத் திறந்தால் மற்றது சாத்திக்கொள்கிறது. தவமணி புருஷனைப் பார்த்தாள். அவர் கதிரையில் உட்கார்ந்து பாக்குவெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருபத்தேழு வருசமா ஒரே பாயில படுத்தேன்" என்றார் மெதுவாக. "எனக்குத் தெரியாம அப்பிடி என்ன பேய் வந்து போச்சு?"

"நீங்க நம்பாதீங்க அண்ணே" என்றாள் பாப்பம்மா. அவளே அப்போதுதான் நம்பியதை மறந்துவிட்டிருந்தாள். "இவ்வளவு காலம் மறைச்சவளுக்கு நடிக்கவா தெரியாது? நாளைக்கே ஒங்க கண்ணு முன்னாடி கட்ட மாதிரிக் கெடந்து நடிச்சுக் காட்டுவா, பாருங்க. நாளைக்கிக் காலையில கெளம்புங்க. கலகெதரவுல நானும் மகனும் பாத்துக்குறோம்."

ராஜரத்தினம் சரி என்று சொல்லவில்லை. ஆனால் அன்று பின்னேரம் அலுமாரியின் மேலிருந்த பயணப் பையை இறக்கித் தூசி தட்டினார். கொஞ்ச நாளைக்கா, ஒரேயடியாகவா என்று யாரும் பேசவில்லை. தவமணிக்குத் தெரியும். ஒரு தடவை போய்விட்டால் அவரைத் திரும்பக் கூட்டிவர அவளிடம் வார்த்தை இருக்காது. அவருக்கும் வரக் காரணம் இருக்காது. சிந்துஜாவுக்குப் போன் எடுத்தாள். அப்பாவிடம் நான் பேசுகிறேன் என்றாள் மகள். பேசினாள். அவர் "ம்", "ம்" என்று கேட்டுவிட்டு, அங்கே மழையா என்று விசாரித்துவிட்டு வைத்துவிட்டார்.

பாப்பம்மா குளிக்கப் போன நேரம் பார்த்துத் தவமணி அவர் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். லயத்தில் முதல் தடவை வந்ததிலிருந்து சொன்னாள். அம்மா வாயைப் பொத்தியதைச் சொன்னாள். அது ஏறி உட்கார்ந்தால் கை, கால், வாய், எதுவுமே அசையாது என்று சொன்னாள். ஹோலுக்குள் தான் வரவேயில்லை, தட்டைக் காணவேயில்லை என்று சொன்னாள். பிறகு, யாரிடமும் சொல்லாத அந்த ஒன்றையும் சொன்னாள். அவர் வாசலில் வந்து நின்றபோது அவரைத்தான் அது என்று நினைத்ததை. போகட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்ததை. தட்டுகள் விழும்வரை அவள் எழும்ப முயற்சிகூடச் செய்யவில்லை என்பதை.

"என்னையவா?" என்றார்.

"ஒங்களத்தான். அதுவரைக்கும் நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேங்க. அது பொய்யில்ல."

நீண்ட நாட்களுக்குப் பிறகு அவர் அவள் முகத்தை நேராகப் பார்த்தது அப்போதுதான். ஏதோ கேட்க வாயெடுத்தார். குளியலறைக் கதவு திறந்தது. பாப்பம்மா தலையைத் துவட்டிக்கொண்டு வந்து, இந்த வீட்டுத் தண்ணீர் ஐஸ் மாதிரி இருக்கிறதென்றாள்.

ஞாயிறு என்றாலும் கடைகள் திறந்திருக்கும். தவமணி பிழிந்தாள், அவித்தாள், கொண்டுபோய்க் கொடுத்தாள். திரும்பி வந்தபோது பை வாசலில் இருந்தது. அவர் குளித்துக்கொண்டிருந்தார். ஊசியைத் தானே போட்டு முடித்துச் சாப்பிட்டும்விட்டார் என்று பாப்பம்மா சொன்னாள். அவர் உடுப்பு மாற்ற வரும்போது ஒரு வார்த்தை பேசலாமென்று தவமணி அறைக்குள் போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரிக் காலத்திலிருந்து அவள் ஒழுங்காகத் தூங்கவில்லை. உட்கார்ந்தவள் சற்றே சாய்ந்தாள். சாய்ந்தது மட்டும்தான் தெரியும்.

விழித்தபோது வெயில் சேலைத் துணியில் ஏறியிருந்தது. வெளியே பஹீமின் த்ரீவீல் இரைந்துகொண்டு நின்றது. "அண்ணே, நேரமாகுது" என்று பாப்பம்மா சந்திலிருந்து கூப்பிடுவது கேட்டது. தவமணி எழும்பப் போனாள். உடம்பு இல்லை. நெஞ்சில் அது.

அறைக்குள், கட்டிலுக்குப் பக்கத்தில், ராஜரத்தினம் நின்றுகொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை, வாரிய தலை. பையைக் காலடியில் வைத்திருந்தார். இந்தத் தடவை அவளுக்குச் சந்தேகம் வரவில்லை. அவர்தான்.

"முழிச்சுத்தான் இருக்கியா?" என்றார்.

கொஞ்சம் பொறுத்தார். அவள் பேசாததைக் கோபம் என்று எடுத்துக்கொண்டார் போலிருந்தது.

"நீ நேத்துச் சொன்னத யோசிச்சுப் பாத்தேன். பேய்னு நெனச்சேன்னியே, அத ஒருத்தி பொய்யாச் சொல்ல மாட்டா. பொய் சொல்றவ நல்லதாத்தான் சொல்லுவா." கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பாப்பம்மாகிட்ட வர்றேன்னுட்டேன். நீ இருங்கன்னு ஒரு வார்த்த சொல்லு. பைய உள்ள வச்சிர்றேன்."

இருங்க என்றாள் தவமணி. இருங்க, இருங்க என்று வீடு இடியக் கத்தினாள். அவள் உதடு ஒன்றின் மேல் ஒன்று அப்படியே இருந்தது.

அவர் குனிந்து அவள் முகத்தைப் பார்த்தார். "இதுதானா அது?" என்றார், மிகவும் மெதுவாக. அவர் கை பாதி தூரம் அவள் தோளை நோக்கி வந்தது. தொட்டால் போதும். தொட்டு ஓர் உலுக்கு உலுக்கினால் அது இறங்கிவிடும்.

"அண்ணே, சொன்னேனா இல்லையா?" என்று வெளியிலிருந்து பாப்பம்மாவின் குரல் வந்தது. "படுத்துத்தானே கெடக்கா?"

கை நின்றது.

தவமணியிடம் மிஞ்சியிருந்தது கண் ஒன்றுதான். முழுப் பலத்தையும் அதில் கொண்டுவந்து, அவர் முகத்திலிருந்து பார்வையைப் பிடுங்கிக் கீழே பையில் வைத்தாள். உள்ளே வைங்க. அதை உள்ளே வைங்க. மறுபடியும் அவர் முகம். மறுபடியும் பை.

ராஜரத்தினம் அவள் பார்வை போன வழியே பார்த்தார். பையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"எதுவும் அசையாதுன்னியே, கண்ணு அசையுதே" என்றார்.

அவள் மூச்சு மட்டும் வேகமாக ஏறி இறங்கியது. அவர் அதற்கும் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு குனிந்து பையை எடுத்துக்கொண்டு, சுவரோடு சாய்த்து வைத்திருந்த இடியப்பத் தட்டுகளில் கால் படாமல் விலகி நடந்து, அறையை விட்டு வெளியே போனார்.